ஸ்கேனில் எடுக்காத தரவைக் கணினி எங்கிருந்து நிரப்புகிறது?

கேள்வி: "அக்கா, டர்பனில் அம்மாவுக்கு மூளை எம்ஆர்ஐ எடுத்தார்கள். சில வருடங்களுக்கு முன் எடுத்தபோது முக்கால் மணி நேரம் ஆயிற்று, இந்த முறை சட்டென்று முடிந்துவிட்டது. ரேடியோகிராஃபரிடம் கேட்டால், 'மூன்றில் ஒரு பங்கு தரவைத்தான் எடுக்கிறோம், மிச்சத்தைக் கணினி நிரப்பிக்கொள்ளும்' என்றார். அப்படியானால் அம்மா மூளையில் மூன்றில் இரண்டு பங்கு கணினியின் கற்பனையா? உள்ளே ஒரு கட்டி இருந்து கணினி அதை விட்டுவிட்டால் என்ன செய்வது? முழுதாக மறுபடி எடுக்கச் சொல்லலாமா?"

பதில்:

தம்பி, மூன்றில் இரண்டு பங்கு தரவை விட்டார்கள் என்றால் மூளையில் மூன்றில் இரண்டு பங்கை விட்டார்கள் என்று ஆகாது. இது புரிந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதிக்குக் காரணம் இருக்கிறது, அதைப் போக்க நான் அவசரப்பட மாட்டேன். எடுக்காத தரவு எந்தக் கணினிக்கும் சும்மா கிடைப்பதில்லை, எங்கிருந்தாவது கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். யாரிடம் வாங்கியது என்று தெரிந்தால், படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் வேலையில் ஒரு புது ஸ்கேன் முறை வந்தால் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

எம்ஆர்ஐ இயந்திரம் கேமரா மாதிரி புள்ளி புள்ளியாகப் படம் பிடிப்பதில்லை. உடம்பில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப் புலத்தில் சுழன்று வெளியிடும் ரேடியோ அலையை அது மொத்தமாகக் கேட்கிறது. கேட்கும்போது காந்தப் புலத்தை ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டி மறுபக்கம் குறைத்து வைப்பார்கள். (அம்மா காதைப் பொத்திக்கொண்டிருப்பாரே, அந்த இடி முழக்கம் இந்த வேலையைச் செய்கிற சுருள்களுடையது.) இதனால் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணும், 'இந்தத் திசையில், இந்த அகலத்தில் ஓடும் வரிகளுக்கு இந்தத் தலையில் எவ்வளவு பங்கு' என்ற ஒரு கேள்விக்கு விடை. அகல வரி, நெருக்க வரி, நெடுக்கு, குறுக்கு, சாய்வு என்று இப்படிப் பல்லாயிரம் கேள்விகள். விடைகளை ஒரு கட்டத்தில் ஒழுங்காக அடுக்கினால் அதற்குப் பெயர் கே-ஸ்பேஸ். அதன்மேல் ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கைப் போட்டால் மூளைப் படம் வந்துவிடும்.

ஆக, கே-ஸ்பேஸின் ஒவ்வொரு எண்ணிலும் முழு மூளைக்கும் பங்கு உண்டு. ஓர் எண் விடுபட்டால் மூளையில் ஓர் இடம் காணாமல் போவதில்லை, படம் முழுவதும் லேசாகக் கெடுகிறது. எப்படிக் கெடுகிறது என்பது எந்த எண் விடுபட்டது என்பதைப் பொறுத்தது. கட்டத்தின் நடுவில் உள்ள எண்கள் அகல வரிகளுடையவை. எது வெளுப்பு, எது கறுப்பு என்ற பெரும்போக்கான வேறுபாடு அவற்றில்தான் இருக்கிறது. ஓரத்து எண்களில் நுணுக்கமான விளிம்புகள். ஓரத்தை எடுக்காமல் விட்டு அங்கே வெறும் பூஜ்யம் போட்டால் படம் மங்கும். அதோடு விளிம்புகளை ஒட்டி அலை அலையாகப் பொய்க்கோடுகள் எழும். தண்டுவடப் படத்தில் இந்தப் பொய்க்கோடு சரியாக நடுவில் விழுந்து, தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிய குழாய் இருப்பதுபோலக் காட்டியதுண்டு. இல்லாத நோயைக் காட்டும் திறமை ஏஐயோடு வந்ததாக நினைத்துவிடாதீர்கள். பூஜ்யமும் அதைச் செய்யும்.

ஏன் முழுதாக எடுத்துத் தொலைப்பதில்லை? நேரம்தான். கே-ஸ்பேஸை வரிசை வரிசையாக எடுக்கவேண்டும். பழைய முறையில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே 2.5 வினாடி காத்திருக்கவேண்டும் என்று வையுங்கள். 256 வரிசைக்கு 640 வினாடி, அதாவது 10 நிமிடம் 40 வினாடி. இது ஒரு வகைப் படத்துக்கு மட்டும், மூளைக்கு நாலைந்து வகை எடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு வரிசை போதும் என்றால் மூன்றரை நிமிடம். வயதானவர் அசையாமல் படுத்திருக்கவேண்டும், வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் யாரும் பத்து நிமிடத்துக்குத் திரும்பிப் போகமாட்டார்கள்.

இங்கே நம் தென்னாப்பிரிக்கக் கதை ஒன்று. அளந்த கொஞ்சத்திலிருந்து உடம்பின் உட்புறத்தைக் கணக்கால் மீட்கிற இந்தப் பிரச்சினையை முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கோர்மாக். 1956-இல் கேப் டவுனில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் இடத்தில் ஓர் இயற்பியலாளர் இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னதால், குரூட் ஸ்கூர் மருத்துவமனைக்கு வாரத்தில் ஒன்றரை நாள் போய்வந்தார். அங்கே கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கணக்குப் போடும்போது உடம்பு முழுவதும் ஒரே பொருளால் ஆனது என்று வைத்துக்கொள்வதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. வெளியிலிருந்து பல கோணங்களில் அளந்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லமுடியும் என்று கணக்குப் போட்டு, மரவளையம் சூழ்ந்த அலுமினிய உருளையை வைத்துச் சோதித்தும் காட்டினார். 1963, 1964-இல் கட்டுரைகள் வந்தன, கண்டுகொள்ள ஆளில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்துடையது என்று பிறகு அவரே சொன்னார். 1979-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். அது சிடி ஸ்கேனுக்கு. ஆனால் 1973-இல் லாட்டர்பர் எடுத்த முதல் எம்ஆர்ஐ படமும் பல கோண அளவுகளிலிருந்து மீட்ட படம்தான்.

சரி, கடன்களுக்கு வருவோம்.

பழைய கடன் சமச்சீரிடம். படம் வெறும் வெளுப்பு-கறுப்பு அளவுகளால் ஆனது என்றால், கே-ஸ்பேஸின் ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடி பிம்பம் என்று கணிதம் சொல்கிறது. அதனால் பாதியை எடுத்தால் போதும். நடைமுறையில் காந்தப் புலம் எங்கும் ஒரே சீராக இருக்காததால் கண்ணாடி கொஞ்சம் கோணும். அதைச் சரிசெய்யப் பாதிக்கு மேல் சற்று அதிகம், எட்டில் ஐந்து பங்கு என்பதுபோல எடுப்பார்கள். பல ஆண்டுகளாக எல்லா ஸ்கேனரிலும் இருப்பதுதான், யாரும் இதைப் பற்றி நோயாளியிடம் பேசுவதுகூட இல்லை.

அடுத்த கடன் காயில்களிடம். அம்மா தலையைச் சுற்றி ஒரு கூண்டு மாட்டியிருப்பார்களே, அதற்குள் பல சிறிய ஆண்டெனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குப் பக்கத்தில் இருப்பதை உரக்கக் கேட்கும், தூரத்தில் இருப்பதை மெலிதாகக் கேட்கும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக எடுத்தால் படம் பாதியாக மடிந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒரே புள்ளியில் தலையின் இரண்டு இடங்கள், இடது இடம், வலது இடம், கலந்திருக்கும். அவற்றின் உண்மையான மதிப்புகளை ஒ, ஓ என்று வையுங்கள். இடக் காயில் 5ஒ + 2ஓ = 26 என்கிறது. வலக் காயில் ஒ + 4ஓ = 16 என்கிறது. பள்ளிக்கூடக் கணக்கு: ஒ = 4, ஓ = 3. மடிப்பு பிரிந்துவிட்டது. கற்பனைக்கு இதில் இடமே இல்லை, இரண்டு தெரியாதவை, இரண்டு சமன்பாடுகள்.

ஆனால் இரண்டு காயில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்டால்? 5ஒ + 4ஓ = 32, 4.9ஒ + 4.1ஓ = 31.9. விடை இப்போதும் 4, 3 தான். இரைச்சலால் அந்த 31.9 என்பது 32 ஆகப் பதிவாகிவிட்டது என்று வையுங்கள். விடை என்ன ஆகும் தெரியுமா? இரண்டுமே 3.56. இடத்துக்கும் வலத்துக்கும் இருந்த வித்தியாசமே அழிந்துபோய்விட்டது. முதல் சோடியில் 16 என்பதை 16.1 ஆக்கிப் பாருங்கள், விடை 3.99, 3.03 என்று கொஞ்சம்தான் நகரும். காயில்களின் அமைப்பு ஏன் இவ்வளவு முக்கியம், படத்தின் நடுப்பகுதி ஏன் ஓரத்தைவிடச் சொரசொரப்பாக வருகிறது என்பதற்கெல்லாம் காரணம் இந்த இரண்டு வரிக் கணக்கில் இருக்கிறது. தலையின் நடு எல்லாக் காயிலுக்கும் தூரம்தானே, எல்லாம் அதை ஒரே மாதிரிதான் கேட்கும். இது போக, எடுக்கும் தரவு பாதியானால் இரைச்சலை மீறித் தெரியும் தெளிவு எப்படியும் 71 விழுக்காடாகக் குறையும். அதை எந்தக் காயிலாலும் தடுக்கமுடியாது.

பாஸ்டனில் 1997-இல் வந்த ஸ்மாஷ் என்ற முறை இந்த வழியைத் திறந்தது. நான் மேலே காட்டிய கணக்கு 1999-இல் சூரிச்சில் புரூஸ்மன் குழு கொண்டுவந்த சென்ஸ் முறையுடையது. 2002-இல் ஜெர்மனியிலிருந்து வந்த கிராப்பா அதே வேலையைக் கே-ஸ்பேஸுக்குள்ளேயே செய்கிறது. நடுவில் சில வரிசைகளை விடாமல் எடுத்து, பக்கத்து வரிசைகளிலிருந்து ஒரு வரிசையை எப்படிக் கணிப்பது என்று அங்கே கற்றுக்கொண்டு, பிறகு வெளியே உள்ள இடைவெளிகளை நிரப்புகிறது. கற்றுக்கொள்வது உங்கள் அம்மாவின் தரவிலிருந்தே, அதே ஸ்கேனிலிருந்தே. இதனால் கிராப்பாமேல் எனக்குக் கொஞ்சம் தனிப்பட்ட பிரியம் உண்டு.

மூன்றாவது கடன் விசித்திரமானது: படம் எளிமையானதாக இருக்கும் என்ற நம்பிக்கையிடம். மூளைப் படத்தில் பெரும்பகுதி சீரான திட்டுகள், விளிம்புகள் கொஞ்சம்தான். சரியான கணித வடிவத்தில் எழுதினால் மிகச் சில எண்களிலேயே படத்தை அடக்கிவிடலாம். செல்போனில் எடுக்கும் புகைப்படக் கோப்பு சிறியதாக இருப்பதும் இதனால்தான். எடுத்துமுடித்தபின் சுருக்கலாம் என்றால், முதலிலேயே குறைவாக எடுக்கக்கூடாதா? கேண்டஸ் என்ற கணிதவியலாளர் 2004 வாக்கில் 512-க்கு 512 அளவுள்ள ஒரு சோதனைப் படத்தை வைத்து, ஃபூரியர் தளத்தில் நடுவிலிருந்து விரியும் 22 கோடுகளை மட்டும் கொடுத்து மீட்டுப் பார்த்தார். படம் ஒரு புள்ளி பிசகாமல் வந்தது. அதற்கான நிரூபணத்தை ராம்பெர்க், டெரன்ஸ் டாவோ ஆகியோரோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்டார். இதே விஷயத்தில் டேவிட் டோனோஹோ என்ற கணிதவியலாளரின் கட்டுரையும் அதே ஆண்டு வந்தது. 2007-இல் லுஸ்டிக், டோனோஹோ, பாலி மூவரும் இதை எம்ஆர்ஐக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் சூட்சுமம் எந்த வரிசைகளை விடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒழுங்காக ஒன்றுவிட்டு ஒன்று விட்டால் படம் மடியும், தெளிவான பொய்ப் படம் ஒன்று மேலே உட்காரும். தாறுமாறாக விட்டால் பொய் எல்லா இடத்திலும் தூவிக் கிடக்கும், வெறும் இரைச்சல் போலத் தெரியும். கணினி சுற்றுச் சுற்றாக வேலை செய்கிறது: சிறிய எண்களை இரைச்சல் என்று தட்டி உதிர்க்கும், பிறகு கே-ஸ்பேஸுக்குத் திரும்பிப்போய் உண்மையில் அளந்த எண்களை அப்படியே மறுபடி வைக்கும், மறுபடி உதிர்க்கும். அளந்ததை மாற்றக்கூடாது என்ற அந்த விதியைத் தரவு இணக்கம் என்று சொல்லலாம். எந்த நிரப்பும் முறையிலும் அது இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. மெலிதான, வேறுபாடு குறைந்த சிறு புள்ளியை இரைச்சலோடு சேர்த்து உதிர்த்துவிடலாம். பல மடங்கு வேகமாக எடுத்த படம் எண்ணெய்ச் சாயம் பூசியதுபோல வழவழவென்று இருந்தால், அழகாக இருக்கிறது என்று மகிழவேண்டாம். 2017-இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ ஒப்புக்கொண்டபின் இந்த முறை ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியது.

நடுவில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். தரவு விடுபடுவது எப்போதும் வேண்டுமென்றே அல்ல. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலத்தில் காற்று காய்ந்துபோய், கதவுப் பிடியைத் தொட்டாலே சுள்ளென்று மின்பொறி அடிக்குமே, ஸ்கேன் அறையில் ஈரப்பதக் கட்டுப்பாடு சரியில்லாமல் போனால் அந்த மாதிரிப் பொறி கே-ஸ்பேஸில் ஒற்றை எண்ணைக் கெடுத்துவிடும். ஒரே ஓர் எண் கெட்டால் போதும், தலை முழுவதும் புடவைக் கோடுபோட்டதுபோல வரும். டர்பனின் புழுக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. அந்த எண்ணைக் கண்டுபிடித்துத் தூக்கிவிட்டு, அக்கம்பக்கத்து எண்களிலிருந்தும் மற்றக் காயில்களிலிருந்தும் நிரப்பிவிடலாம், படம் சுத்தமாகிவிடும். நோயாளி இருமியபோது எடுத்த வரிசைகளையும் சில முறைகளில் இப்படித் தள்ளிவிட்டு நிரப்புகிறார்கள். தப்பான தரவைவிட இல்லாத தரவே மேல்.

இப்போது நாலாவது கடன், உங்கள் கேள்வியின் உண்மையான முள் இருக்கும் இடம். முன்னால் வந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் வாங்கும் கடன். ஏஐ முறைகளில் ஒரு நரம்பு வலைக்கு (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகும் கணினி நிரலுக்கு) முழுதாக எடுத்த ஸ்கேன்களையும், அவற்றிலிருந்தே பல வரிசைகளை நீக்கிய வடிவத்தையும் சோடி சோடியாகக் காட்டிப் பழக்குகிறார்கள். 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கின் ஏஐ ஆய்வுக் குழுவும் ஃபாஸ்ட்எம்ஆர்ஐ என்று முழங்கால் ஸ்கேன்களின் கே-ஸ்பேஸ் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டன, பின்னர் மூளையையும் சேர்த்தன. நாலு மடங்கு வேகத்தில் முடிவுகள் அசரவைத்தன. ஆனால் மூளைப் படங்களை வைத்து நடந்த 2020 போட்டியில், தலைக்குள் இல்லாத உருவங்களைச் சில வலைகள் வரைந்துவிட்டதை மருத்துவர்கள் கண்டார்கள். மங்கலாக இருந்தால் சந்தேகம் வரும். இவை கூர்மையாக, மெய்யான மூளை மாதிரியே இருந்தன. அதே 2020-இல் ஆண்டுன், ஹான்சன் முதலிய ஆய்வாளர்கள் வேறு ஒரு சோதனை செய்தார்கள். படத்துக்குள் சின்ன எழுத்துகளையும் குறிகளையும் வைத்து, சில வலைகளைக் கொண்டு மீட்டுப் பார்த்தார்கள். பழகாத அந்தக் குறிகளைச் சில வலைகள் மங்கலாக்கிவிட்டன, சில அழித்தேவிட்டன.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். டர்பன் இருக்கிற குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் காசநோய் அதிகம், மூளையில் காசநோய்க் கட்டி வருவது இங்கே அபூர்வமில்லை. கிழக்கு கேப் பக்கம் நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் வரும் சிறு கொப்புளங்களைப் பார்க்காத ரேடியாலஜிஸ்ட் இருக்கமாட்டார். பணக்கார நாட்டு நகரம் ஒன்றின் நோயாளிகளை வைத்துப் பழகிய வலை இவற்றை எத்தனை முறை பார்த்திருக்கும்? கடன் கொடுத்தவரின் உடம்பு வேறு, வாங்குபவரின் உடம்பு வேறு. விற்பனைக்கு வருகிற இயந்திரங்கள் பலவற்றில் தரவு இணக்கத்தைக் கட்டாயமாக்கி, வேகத்தையும் அளவோடு வைத்திருப்பதால் ஆபத்து இந்த ஆய்வுகள் காட்டிய அளவுக்கு இருக்காது என்பது என் எண்ணம். என்றாலும் புது மென்பொருள் வரும்போது, இங்குள்ள நோயாளிகள் சிலரை மெதுவாகவும் வேகமாகவும் இரண்டு விதமாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் பயன்படுத்தத் தொடங்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். விற்பவர் தரும் சிற்றேட்டில் உள்ள படங்கள் எனக்குப் போதாது.

உங்கள் அம்மா விஷயம். மூன்றில் ஒரு பங்கு என்பது இன்றைக்கு மிதமான வேகம்தான். பெரும்பாலும் காயில் கணக்கே அதைத் தாங்கும், கூட ஏஐ இருந்தாலும் சில சமயம் அது இரைச்சலை மட்டும் குறைத்திருக்கும். ஏர் ரீகான் டிஎல், டீப் ரிசால்வ், ஸ்மார்ட்ஸ்பீட் என்ற பெயர்களில் வரும் ஏஐ மென்பொருள் ஏதாவது ஒன்று பயன்பட்டதா என்று ரேடியோகிராஃபரிடமே கேளுங்கள், மறைக்கிற விஷயமில்லை. அப்புறம், ரேடியாலஜிஸ்ட் ஒரே படத்தை வைத்து முடிவுக்கு வருவதில்லை. டி1, டி2, ஃப்ளேர், டிஃப்யூஷன் என்ற பட வகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எடுத்தவை, தனித்தனியாக நிரப்பியவை. உண்மையான கட்டி பொதுவாக இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதில் தலைகாட்டும். ஒன்றில் மட்டும் தெரிந்து மற்றதில் சுவடே இல்லாதது என்றால் அவர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

முழுதாக மறுபடி எடுக்கச் சொல்லவேண்டாம். அம்மாவால் முக்கால் மணி நேரம் அசையாமல் இருக்கமுடியாது என்றால் மெதுவான ஸ்கேன் இதைவிட மோசமாக வரும். அறிக்கையில் சந்தேகம் என்று எழுதியிருந்தால் மட்டும், அந்த ஒரு வகைப் படத்தை வேகம் குறைத்து எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இருக்கும் ஸ்கேனையே வேறு முறையில் நிரப்பித் தரச் சொல்வது அநேகமாக நடக்காது. ஆஸ்பத்திரியில் நிரந்தரமாகச் சேமிப்பது படங்களை மட்டும்தான். கே-ஸ்பேஸ் எண்கள் ஸ்கேனரின் வட்டில் கொஞ்ச நாள் கிடந்து, அடுத்த நோயாளிகளின் தரவு வரவர அழிந்துவிடும்.